கடைசித் தவணை யார் கையில்? – ஒரு பாய்லர் வழக்கும் அதன் முன்கதையும்

பாய்லர் என்றதும் நமக்கு டீக்கடை பாய்லர்தான் நினைவுக்கு வரும். இன்னும் கொஞ்சம் யோசித்தால் அரிசி ஆலை, சர்க்கரை ஆலை. பிரிட்டனில் அது வீட்டுச் சாமான். சமையலறைச் சுவரில் வெள்ளையாக ஒரு பெட்டி மாட்டியிருக்கும். உள்ளே எரிவாயு எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய், அறையைச் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய்த் திரும்பி வரும். குளிக்கிற தண்ணீரும் பெரும்பாலும் அதிலிருந்துதான். ஜனவரி மாதக் குளிரில் இந்தப் பெட்டி நின்றுபோனால் வீட்டில் உட்கார முடியாது.

இந்தப் பெட்டி பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். அப்புறம் மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். சரி, பணம் பேசி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டுப் போகிறார் காண்டிராக்டர். ஒரு வாரத்தில் குழாய் ஒழுகுகிறது, மாடி அறை சூடாகவில்லை, புகை வாடை வருகிறது. இப்போது கேள்வி: பேசிய பணத்தை அவருக்குக் கொடுக்க வேண்டுமா? முழுவதும் கொடுக்க வேண்டுமா, குறைத்துக் கொடுக்கலாமா, ஒரு பைசாகூடக் கொடுக்காமல் இருக்கலாமா?

கேட்க ஏதோ குடும்பச் சண்டை மாதிரி இருக்கிறது, இல்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இங்கிலாந்து நீதிமன்றங்களுக்கு இருநூறு வருடம் பிடித்தது. நடுவில் ஒரு கப்பல் மாலுமி, ஒரு புத்தக அலமாரி, இடிந்து விழுந்த ஒரு அடுக்குமாடி, ஆழம் குறைந்த ஒரு நீச்சல்குளம் எல்லாம் வந்து போகின்றன. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

ஹமுராபியின் கொத்தனார்

மோசமான வேலைக்குத் தண்டனை என்பது எழுத்துக்கு வந்த சட்டங்களிலேயே மிகப் பழைய விஷயங்களில் ஒன்று. பாபிலோன் மன்னன் ஹமுராபி கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்த சட்டங்களில் வீடு கட்டுபவருக்கென்றே சில விதிகள் உண்டு. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால், கட்டியவருக்கு மரண தண்டனை. சுவர் உறுதியாக இல்லாமல் சரிந்தால், கட்டியவர் தன் சொந்தச் செலவில் அதை எடுத்துக் கட்டித் தர வேண்டும்.

முதல் விதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள், பயங்கரமாக இருப்பதால். எனக்கு இரண்டாவது விதிதான் முக்கியமாகப் படுகிறது. "குறை உன்னுடையது, நீயே வந்து சரி செய், அதற்குக் காசு கேட்காதே." இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் வருடத்துக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

ஜமைக்காவில் ஏறிய மாலுமி

இங்கிலாந்துக்கு வருவோம். 1793-இல் ஜமைக்காவிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் கட்டர் என்பவர் இரண்டாம் மேட்டாக ஏறுகிறார். லிவர்பூல் போய்ச் சேரும்வரை வேலை பார்த்தால் 30 கினி தருவதாகக் கப்பல் தலைவர் எழுதிக் கொடுக்கிறார். அன்றைய வழக்கமான மாதக் கூலியோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. ஆகஸ்ட் 2-ஆம் தேதி கப்பல் கிளம்பியது. செப்டம்பர் 20-ஆம் தேதி கட்டர் கடலிலேயே இறந்துபோனார். அக்டோபர் 9-ஆம் தேதி கப்பல் லிவர்பூல் சேர்ந்தது.

ஏழு வாரம் வேலை பார்த்தாரே, அதற்கான கூலியையாவது கொடுங்கள் என்று அவர் மனைவி வழக்குப் போட்டார். 1795-இல் தீர்ப்பு வந்தது. ஒரு பென்னிகூடக் கிடையாது! ஏன் என்றால், ஒப்பந்தம் "போய்ச் சேர்ந்தால் 30 கினி" என்பது. போய்ச் சேரவில்லை. முழு வேலைக்கு முழுப் பணம், பாதி வேலைக்குப் பாதிப் பணம் என்று யாரும் பேசவில்லை. வழக்கத்தைவிட அதிகமான தொகை பேசியதே அந்தத் துணிச்சலுக்காகத்தான் என்று நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள்.

'கட்டர் எதிர் பவல்' என்ற இந்த வழக்கைச் சட்டம் படிக்கிற எல்லாரும் முதல் வருடத்திலேயே படித்துவிடுவார்கள். இதிலிருந்து பிறந்ததுதான் 'முழு ஒப்பந்தம்' என்கிற விதி. ஒட்டுமொத்தமாக ஒரு தொகை பேசிவிட்டால், வேலை முடிந்தால்தான் பணம். கூலி முழுசாக உண்டு, இல்லையேல் ஒன்றுமே இல்லை.

கேட்கவே கொடுமையாக இருக்கிறது. ஒரு விதவைக்கு எதிராக வந்த இந்தத் தீர்ப்புதான் பின்னாளில் வீட்டுக்காரர்களுக்குக் கேடயமாக மாறியது என்பது வரலாற்றின் வேடிக்கை.

புத்தக அலமாரிக்காக ஒரு வழக்கு

இந்த விதியை அப்படியே கட்டட வேலைக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? ஒருவர் வீடு முழுவதையும் கட்டிவிட்டு ஒரு கதவுக்குக் கைப்பிடி மாட்ட மறந்துவிட்டால் பணமே தர வேண்டாம் என்று ஆகிவிடும். அது அநியாயம் என்று நீதிமன்றங்களுக்கும் தெரிந்தது. 1916-இல் 'டேகின் எதிர் லீ' என்ற வழக்கு வந்தது. வீட்டைப் பழுது பார்த்தவர் கான்கிரீட்டைப் பேசிய ஆழத்துக்குப் போடவில்லை, வேறு சில குறைகளும் வைத்திருந்தார். வேலை முடிந்திருக்கிறது, ஆனால் குறையோடு முடிந்திருக்கிறது. ஆகவே குறைக்கு உண்டான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்றது நீதிமன்றம்.

1952-இல் 'ஹோனிக் எதிர் ஐசக்ஸ்' வந்தது. ஒரு அறைகொண்ட ஃபிளாட்டை அலங்கரித்து மரச்சாமான் செய்து தர 750 பவுண்டு பேச்சு. வீட்டுக்காரர் 400 பவுண்டு கொடுத்துவிட்டுக் குடியேறினார். அலமாரிக் கதவு சரியில்லை, புத்தக அலமாரி அளவு குட்டையாக இருக்கிறது என்று சொல்லி மீதி 350-ஐத் தர மறுத்தார். குறைகளைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கணக்குப் போட்டார்கள். 55 பவுண்டு, 18 ஷில்லிங், 2 பென்ஸ். (அந்த 2 பென்ஸையும் விடவில்லை பாருங்கள் :-)) இதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடு என்று தீர்ப்பாயிற்று.

ஆக 1952 நிலவரம் இதுதான். பெரும்பகுதி வேலை முடிந்திருந்தால் பணம் உண்டு. குறைக்குக் கழிவு உண்டு. எது பெரும்பகுதி? அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு பாய்லர் வர வேண்டியிருந்தது.

பாய்லர் வீட்டுக்குள் வந்த கதை

குளியலறையில் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தப் பெயர் ஐஸ்லாந்தில் தரையிலிருந்து பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயர். 1868-இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவில் உடனுக்குடன் தண்ணீர் சுடவைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்று, அதற்கு அந்தப் பெயரை வைத்தார். அந்தக் கருவியில் ஒரு பெரிய குறை. புகைபோக்கியே கிடையாது. எரிந்த வாயு குளியலறைக்குள்ளேயே சுற்றும்.

எரிவாயுவோ விறகோ நிலக்கரியோ, போதுமான காற்று இல்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் இல்லை, வாடை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், மயக்கம், மரணம். 1902 செப்டம்பர் 29 அன்று எழுத்தாளர் எமில் ஸோலா பாரிஸில் தன் வீட்டில் இறந்தது இதனால்தான். புகைபோக்கி அடைபட்டிருந்தது. அது தற்செயலா, யாராவது வேண்டுமென்றே அடைத்தார்களா என்று பிரான்ஸில் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படி இருந்தாலும், கூரைமேல் இருக்கும் ஒரு துவாரம் ஒரு மனிதனின் உயிரை முடிவு செய்தது.

பிரிட்டன் வீடுகளில் அப்போதெல்லாம் நிலக்கரி அடுப்புதான். நகர எரிவாயு என்று ஒன்று குழாயில் வந்தது. அதுவும் நிலக்கரியிலிருந்து எடுத்ததுதான், அதிலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். 1965-இல் வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. இந்த வாயு எரியும் விதம் வேறு. அதனால் நாட்டில் இருக்கிற ஒவ்வொரு அடுப்பையும் ஒவ்வொரு ஹீட்டரையும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. 1967-இலிருந்து 1977 வரை பத்து வருடம், தெருத் தெருவாக, வீடு வீடாகப் போய் மாற்றினார்கள். ஏறக்குறைய 4 கோடி கருவிகள்! ஒரு நாடே தன் அடுப்பை மாற்றிக்கொண்டது என்று சொல்லலாம்.

மலிவான வாயு வந்ததும் வீடு முழுவதையும் சூடாக்கும் முறை பரவ ஆரம்பித்தது. 1970 வாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில்தான் அது இருந்தது. இன்று பத்தில் ஒன்பது வீட்டுக்கு மேல் இருக்கிறது. தேவை திடீரென்று பெருகியதும் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஹீட்டிங் காண்டிராக்டர் ஆகிவிட்டார்கள்.

ஒரு பித்தளை நட்டு

1968 மே 16, விடிகாலை ஐந்தே முக்கால் மணி. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். குடியேறி இரண்டு மாதம்தான் ஆகிறது. 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போடத் தீக்குச்சியைக் கிழித்தார். இரவு முழுவதும் கசிந்த எரிவாயு வெடித்தது. மூலையிலிருந்த சுவர்ப் பலகைகள் பெயர்ந்தன. சுவர் போனதும் மேல் மாடிகள் சரிந்தன. அந்தப் பாரம் விழுந்து கீழ் மாடிகளும் சரிந்தன. சீட்டுக்கட்டு போலக் கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை இல்லாமல் போனது. 4 பேர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். தீக்குச்சி கிழித்த பெண்மணி பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் தெரிந்தது: அடுப்பை எரிவாயுக் குழாயோடு இணைத்த பித்தளை நட்டு தரமில்லாதது. அது உடைந்துதான் வாயு கசிந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு நட்டு!

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சமையலறையில் நடக்கும் ஒரு சின்ன வெடிப்புக்கு ஒரு கட்டடத்தின் மூலையே ஏன் விழ வேண்டும்? முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டிய கட்டடம் அது. அந்த அமைப்பே பலவீனம் என்று விசாரணை சொன்னது. மீதிப் பகுதியைப் பலப்படுத்தி மறுபடியும் ஆட்களைக் குடியேற்றினார்கள். சாம் வெப் என்ற கட்டடக் கலைஞர் இது ஆபத்து என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1986-இல் கட்டடத்தைப் பலகை பலகையாகப் பிரித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. பலகைகள் சேரும் இடத்தில் சாந்து இருக்க வேண்டிய இடங்களில் வெற்றிடம். சில இடங்களில் செய்தித்தாளை அடைத்து வைத்திருந்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மோசமான கைவேலையின் குணமே மறைந்து கிடப்பதுதான். சுவருக்குள்ளே, தரைக்குக் கீழே, பெட்டிக்குள்ளே. பெயிண்ட் அடித்துவிட்டால் நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒன்று போலத்தான் தெரியும். பணம் கொடுக்கிற அன்றைக்கு வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. பதினெட்டு வருடம் கழித்துத் தெரியலாம், தெரியாமலே போகலாம்.

ரோனன் பாயின்டுக்குப் பிறகு 1970-இல் எரிவாயு வேலை செய்பவர்களைப் பதிவு செய்ய 'கோர்கி' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் வேண்டாம் என்கிற அளவில்தான். சேராதவரும் பாய்லர் மாட்டலாம்.

560 பவுண்டு பாய்லர்

இப்போது நம் கதாநாயக வழக்குக்கு வந்துவிட்டோம். 1972, 'போல்டன் எதிர் மகாதேவா'. இரண்டாவது பெயர் நம் காதுக்குப் பழக்கமானது. அவர்தான் வீட்டுக்காரர். போல்டன் ஹீட்டிங் காண்டிராக்டர். வீடு முழுவதும் சூடாக்கவும் வெந்நீர் வரவும் ஏற்பாடு செய்து தர ஒட்டுமொத்தமாக 560 பவுண்டு பேச்சு.

வேலை முடிந்தது. வீடு சூடாகவில்லை. இருக்க வேண்டியதைவிடச் சராசரியாகப் பத்துச் சதவீதம் குறைவு. சில அறைகளில் முப்பது சதவீதம் வரை குறைவு. அதைவிட மோசம், புகைபோக்கி சரியாக அமையாததால் எரிந்த வாயு அறைக்குள் வந்தது. (மாகனின் குளியலறை ஞாபகம் வருகிறதா?) சரி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டார். காண்டிராக்டர் செய்யவில்லை. பணம் கொடு என்று வழக்குப் போட்டார்.

கவுண்டி நீதிமன்ற நீதிபதி 1952-இன் அலமாரி வழியிலேயே போனார். குறையைச் சரிசெய்ய 174 பவுண்டு 50 பென்ஸ் ஆகும். அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றார். மகாதேவா விடவில்லை, மேல்முறையீடு செய்தார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அந்த 560-இல் காண்டிராக்டருக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது! காரணம் எளிமையானது. வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு வீட்டைச் சூடாக்க வேண்டும். சூடாக்கவில்லை, மேலே புகையையும் விடுகிறது. இதைப் 'பெரும்பகுதி முடிந்த வேலை' என்று சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். அலமாரி வழக்கில் குறையின் மதிப்பு மொத்தத் தொகையில் ஏழரைச் சதவீதம். பாய்லர் வழக்கில் 31 சதவீதம். ஆனால் நீதிபதிகள் சதவீதத்தை மட்டும் பார்க்கவில்லை. குறை என்ன மாதிரியானது என்பதையும் பார்த்தார்கள். குட்டையான அலமாரியிலும் புத்தகம் வைக்கலாம். புகை விடும் பாய்லரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான நீதிபதி சாக்ஸ் சொன்ன கருத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த விதி காண்டிராக்டருக்குக் கடுமையாகத் தெரியலாம். ஆனால் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பு குறையைச் சரி செய்து கொடுத்திருந்தால் அவருக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது, இது அவராகத் தேடிக்கொண்டது என்ற பொருளில் பேசினார். முதலில் செய்த தவறைவிட, வந்து பார்க்க மறுத்ததுதான் அவரைத் தோற்கடித்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இது நியாயமா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். காண்டிராக்டர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குழாய், ரேடியேட்டர், கூலி எல்லாம் அவர் கைக்காசு. 174 பவுண்டு செலவு செய்தால் சரியாகப் போகும் ஒரு வேலைக்காக 560 பவுண்டும் போய்விட்டது. வீட்டுக்காரருக்கோ கிட்டத்தட்ட முழு ஏற்பாடும் இலவசம்.

பிரிட்டனின் சட்ட ஆணையத்துக்கும் இது உறுத்தியது. 1983-இல் வெளியிட்ட அறிக்கையில், அரைகுறையாக வேலை செய்தவருக்கும் வீட்டுக்காரர் அடைந்த பயனுக்கு ஏற்றபடி ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றப் பரிந்துரைத்தது. ஆனால் ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், பிரையன் டேவன்போர்ட், ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். அவருடைய வாதம் புத்தகப் படிப்பிலிருந்து வந்ததல்ல, வீட்டு வாசலில் இருந்து வந்தது. பெரிய கட்டட ஒப்பந்தங்களில் தவணை தவணையாகப் பணம் கொடுக்க வழி எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு இந்த விதியால் பாதிப்பு இல்லை. பாதிக்கப்படுவது சின்னக் காண்டிராக்டரும் சாதாரண வீட்டுக்காரரும்தான். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடும் ஆளைத் திரும்ப வரவழைக்க வீட்டுக்காரரிடம் இருக்கும் ஒரே கயிறு, கொடுக்காமல் வைத்திருக்கும் பணம். அந்தக் கயிற்றையும் அறுத்துவிடாதீர்கள் என்றார்.

ஆணையத்தின் பரிந்துரை சட்டமாகவில்லை. கயிறு அறுபடவில்லை.

நம் வீடுகளில் பெரியவர்கள் கொத்தனாருக்கோ தச்சருக்கோ கடைசித் தவணையைக் கொடுக்காமல் இழுத்தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். "முழுசா குடுத்துட்டா அப்புறம் ஆளு வர மாட்டான்" என்பார்கள். டேவன்போர்ட் எழுதியதும் சாராம்சத்தில் அதேதான்!

மறுபக்கம்: ஒன்பது அங்குலம்

ஆனால் குறை இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது. 1995-இல் பிரபுக்கள் சபை வரை போன நீச்சல்குள வழக்கு இதற்கு உதாரணம். குளத்தின் அதிகபட்ச ஆழம் 7 அடி 6 அங்குலம் என்று பேச்சு. கட்டி முடித்தபோது 6 அடி 9 அங்குலம்தான் இருந்தது. குளம் பாதுகாப்பானது, நீந்தலாம், குதிக்கலாம், சொத்தின் மதிப்பும் குறையவில்லை. ஆனால் பேசியது வரவில்லை. ஆழத்தைக் கூட்ட வேண்டுமென்றால் முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டும். 21,560 பவுண்டு ஆகும்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகை முழுவதையும் கொடுக்கச் சொன்னது. பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. ஒன்பது அங்குலத்துக்காக ஒரு குளத்தையே இடிப்பது நியாயமான காரியம் இல்லை. ஆனால் விரும்பியது கிடைக்காத வருத்தத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று, முதலில் விசாரித்த நீதிபதி கொடுத்த 2,500 பவுண்டை நிலைநிறுத்தியது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு அளவுகோல் தெரிகிறது. பொருள் தன் வேலையைச் செய்கிறதா? செய்யவில்லை என்றால் பாய்லர் வழக்கு. செய்கிறது, ஆனால் கேட்டது போல் இல்லை என்றால் குளத்து வழக்கு. புதுப் பாய்லரின் குழாய் சுவரில் கோணலாக ஓடுகிறது என்பதும், புகை உள்ளே வருகிறது என்பதும் ஒரே தட்டில் வைக்கக்கூடிய புகார்கள் இல்லை.

தீர்ப்பிலிருந்து சட்டத்துக்கு

இவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் நீதிபதிகள் வழக்கு வழக்காகச் சொன்னது. சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நாடாளுமன்றம் மெதுவாக உள்ளே வந்தது.

1974-இன் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆவது பிரிவு என்று ஒன்று. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் ஏமாற்றினால் கார்டு கம்பெனியும் பொறுப்பு. காண்டிராக்டர் கம்பெனியை மூடிவிட்டு ஓடிவிட்டாலும் வங்கியைப் பிடிக்கலாம்.

1982-இல் வந்த சட்டம், சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வைத்தது. 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டம் இதை வீட்டுக்காரர்களுக்காக இன்னும் தெளிவாக்கியது. வேலை சரியில்லை என்றால் செய்தவரே தன் செலவில், நியாயமான காலத்துக்குள், வீட்டுக்காரருக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் மறுபடியும் செய்து தர வேண்டும். அது முடியாவிட்டாலோ, செய்யாவிட்டாலோ விலையைக் குறைக்கக் கேட்கலாம். தேவைப்பட்டால் முழுத் தொகை வரைக்கும்.

ஹமுராபியின் சரிந்த சுவர் ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய மூவாயிரத்து எழுநூறு வருடம் சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். மரண தண்டனையை மட்டும் விட்டுவிட்டார்கள் :-)

உயிர் சம்பந்தப்பட்ட பாதையும் பக்கத்திலேயே நடந்தது. 1991-இல் எரிவாயு வேலை செய்யும் நிறுவனங்கள் கோர்கியில் பதிவு செய்வது கட்டாயம் ஆனது. 2009 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன் பெருநிலத்தில் கோர்கியின் இடத்துக்கு 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' வந்தது. பதிவில்லாதவர் கூலிக்கு எரிவாயு வேலை செய்வது குற்றம். பதிவு பெற்ற ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை இருக்கும். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்று அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும்.

இதனால் குறைகள் ஒழிந்தனவா என்றால், இல்லை. 2005-இலிருந்து புதிதாக மாட்டும் எரிவாயு பாய்லர்கள் அநேகமாக எல்லாமே 'கண்டென்சிங்' வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. வெளியே போகும் புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை இது. எரிபொருள் மிச்சம். ஆனால் குளிர்ந்த நீராவி தண்ணீராகச் சொட்டும். அதை வெளியேற்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் வேண்டும். பலர் அந்தக் குழாயை மெல்லியதாக, உறை எதுவும் போடாமல், வீட்டு வெளிச்சுவர் வழியாக இறக்கிவிட்டார்கள். 2010 டிசம்பரில் கடுங்குளிர் வந்தது. குழாய்க்குள் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொண்டது. உள்ளே தண்ணீர் தேங்கியதும் பாய்லர் தானாக நின்றது. எப்போது மிகவும் தேவையோ அப்போது பார்த்து! பல வீடுகளில் கெண்டியில் வெந்நீர் கொண்டுபோய்க் குழாய் மேல் ஊற்றி இளக்கினார்கள். கருவியில் கோளாறு இல்லை. குழாயைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, உறை சுற்றி, முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே கொண்டு போயிருந்தால் வந்திருக்காத பிரச்சினை.

வரலாறு கற்றுத் தருவது

அங்கே படிக்கவோ வேலைக்கோ போய் வீடு எடுத்திருக்கும் நண்பர்களுக்கும் உதவும் என்பதால், மேலே சொன்ன வரலாற்றை நடைமுறையாக மாற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

1. புகை, வாயு வாடை, தலைவலி என்றால் அது பண விவகாரம் அல்ல. முதலில் பாய்லரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, எரிவாயு அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். வழக்கு, வாய்தா எல்லாம் அப்புறம். வேலை பாதுகாப்பாக இல்லை என்ற சந்தேகம் இருந்தால் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரிடம் புகார் செய்யலாம். பணத் தகராறிலும் அழகு பற்றிய குறையிலும் அவர்கள் தலையிட மாட்டார்கள்.

2. வேலை முடிந்ததும் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பாய்லரோடு வரும் புத்தகத்தில், ஓட்டிப் பார்த்து அளந்த விவரங்களை மாட்டியவர் நிரப்ப வேண்டும். கட்டட விதிப்படி வேலை நடந்ததற்கான சான்றிதழும் வீட்டுக்கு வரும். காலியாக இருக்கும் பக்கம் ஒரு சாட்சி.

3. குறையை எழுத்தில் சொல்லி, படம் எடுத்து, சரி செய்ய ஒரு வாய்ப்பும் தேதியும் கொடுக்க வேண்டும். போல்டன் தோற்றது வர மறுத்ததால். வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டால், அதே வாதம் அவருக்கு எதிராகத் திரும்பும்.

4. வரவில்லை என்றால், பதிவு பெற்ற இன்னொருவரிடம் குறைகளையும் செலவையும் எழுதி வாங்க வேண்டும். அந்த 174 பவுண்டு 50 பென்ஸ் மாதிரி ஒரு எண் கையில் இல்லாமல் எந்த வழக்கும் நகராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான தொகைக்குச் சிறு வழக்கு முறையில் வக்கீல் இல்லாமலே போகலாம்.

5. எல்லாவற்றுக்கும் மேலாக, மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடக் கூடாது.

வேலை செய்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டரின் மனைவியை நினைத்துப் பார்த்தால், பணத்தைப் பிடித்து வைக்கும் உரிமை எவ்வளவு கொடுமையாகவும் ஆக முடியும் என்பது தெரியும். நேர்மையாக உழைத்தவருக்குச் சின்னக் குறையைக் காட்டிப் பணம் கொடுக்காமல் இருப்பதும் ஒரு மோசமான வேலைதான். அதனால்தான் அலமாரி வழக்கும் நீச்சல்குள வழக்கும் தேவைப்பட்டன.

இருநூறு வருடத் தீர்ப்புகளும் சுற்றிச் சுற்றி வருவது ஒரே இடத்துக்குத்தான். வேலை செய்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்; பணம் கொடுப்பவருக்குத் தெரியாது. அந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்ய ஒருவர் கையில் கருவியும் இன்னொருவர் கையில் கடைசித் தவணையும் இருக்கிறது. இரண்டு பேரும் அவரவர் கையில் இருப்பதை நியாயமாகப் பயன்படுத்தினால் வீடு சூடாக இருக்கும்.

1983-இல் நீங்கள் அந்த ஆணையத்தில் இருந்திருந்தால் யார் பக்கம் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்? நான் டேவன்போர்ட் பக்கம். காண்டிராக்டர் பக்கம் நிற்பவர்கள் வாருங்கள், சண்டை போடுவோம்.